கார்ன் பாம்பு: தூய வரிசையா, கலப்பினமா? நிறக் கணக்கோடு ஓர் ஒப்பீடு

நாகமும் சாரையும் பிணையும் என்பது நம் ஊரில் இன்றும் ஆழமான நம்பிக்கை. வரப்போரம் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலைதூக்கி நிற்பதைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்தது அது. அங்கே நடப்பது பிணைதல் அல்ல. இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை. நல்லபாம்பும் சாரையும் வேறு வேறு குடும்பம். அவற்றுக்குள் கலப்பு உண்டாகாது.

ஒரே குடும்பத்தின் நெருங்கிய கிளைகளுக்குள் கதை வேறு. வட அமெரிக்காவின் கார்ன் பாம்பு (பலர் வீட்டில் வளர்க்கும் நச்சற்ற பாம்பு), கிங்ஸ்னேக், புல் பாம்பு (bull snake), மில்க் பாம்பு, ரேட் பாம்பு (rat snake) எல்லாம் ஒரே கிளையில் பிரிந்தவை. பேரினம் மாறினாலும் இவை ஒன்றோடொன்று சேர்ந்து முட்டையிடுகின்றன. அந்தக் குட்டிகளில் பலவும் வளர்ந்து மறுபடி இனம்பெருக்குகின்றன. காட்டிலும் இது அரிதாக நடக்கும். புல் பாம்புக்கும் ஃபாக்ஸ் பாம்புக்கும் இயற்கையில் பிறந்த கலப்புப் பாம்பு ஒன்று, மரபணுச் சான்றோடு 2012-ல் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது.

அதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார்ன் பாம்பு வளர்ப்பவர்கள் மூன்றாவது வருடம் வாக்கில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கையில் நல்ல பெண் பாம்பு இருக்கிறது. அதை இன்னொரு கார்ன் பாம்போடு சேர்த்து நிறங்களை வளர்ப்பதா, கலப்பினத்துக்குப் போவதா? கலப்பு என்றால் எதனோடு? இங்கே நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறோம்: கார்னோடு கார்ன், கார்னோடு எமோரி எனப்படும் கிரேட் பிளெய்ன்ஸ் ரேட் பாம்பு, கார்னோடு கலிஃபோர்னியா கிங்ஸ்னேக், கார்னோடு புல் பாம்பு அல்லது கோஃபர் பாம்பு.

## எதை வைத்து அளப்பது

நிறத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்களே பெரும்பாலும் பின்னால் சிரமப்படுகிறார்கள். கீழே உள்ள ஐந்தையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

1. பெற்றோர் இரண்டும் உறவில் எவ்வளவு தூரம்? தூரம் கூடக் கூட வெற்று முட்டையும், முட்டைக்குள்ளேயே இறக்கும் குட்டியும் கூடும்.
2. எந்த நிறம் எத்தனை குட்டியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா?
3. ஜோடி சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடுமா?
4. முதல் தலைமுறை வளர்ந்து முட்டையிடுமா?
5. விற்காமல் நிற்கும் குட்டிகளை, ஒவ்வொன்றும் 20 வருடம் வாழக்கூடியது என்ற கணக்கில், வைத்துக்கொள்ள இடமும் மனமும் இருக்கிறதா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் சட்டம். இந்தியாவில் சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி உட்பட நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் அவற்றில் செய்து பார்க்கக் கூடாது. சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் கார்ன் பாம்பு தடைசெய்யப்பட்ட அயல் இனம். அமெரிக்காவுக்குள்ளேயே ஜார்ஜியா மாநிலத்தில் உள்ளூர் நச்சற்ற பாம்புகளை வளர்க்கத் தடை உண்டு, அதில் கார்ன் பாம்பும் அடக்கம். இருக்கும் ஊரின் விதியைப் பார்த்த பிறகே மற்றது.

## நிறம் எப்படி வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் நான்கு வழிகளையும் ஒப்பிட முடியாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

பாம்பின் தோலில் முக்கியமாக மூன்று வகை நிறச் செல்கள். கருப்பும் பழுப்பும் தருபவை ஒன்று, சிவப்பும் மஞ்சளும் தருபவை இரண்டு, நுண்படிகங்களால் ஒளியைத் தெறிக்கவிடுபவை மூன்று. சாதாரண கார்ன் பாம்பின் செம்மண் நிறத் திட்டுகளும் அவற்றைச் சுற்றிய கரிய கோடும் இவற்றின் கூட்டு.

ஒரு மரபணு கெட்டு, கருப்பு மட்டும் உண்டாகாமல் போனால் அது அமெல். கண் சிவந்து, உடல் செந்நிறமும் வெள்ளையுமாக இருக்கும். சிவப்பு போய்விட்டால் அனெரி, சாம்பலும் கருப்பும் மிஞ்சும். அனெரி பாம்புகள் வளர வளரத் தாடைக்குக் கீழும் கழுத்தோரமும் எலுமிச்சை மஞ்சள் பூசியதுபோல் ஆகும். உணவிலிருந்து சேரும் மஞ்சள் நிறமி அது. குட்டியில் இல்லாத மஞ்சள் பிறகு வந்ததே, ஏமாற்றி விற்றுவிட்டார்களோ என்று பதற வேண்டாம். அமெலும் அனெரியும் ஒரே பாம்பில் சேர்ந்தால் ஸ்னோ: இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளை.

1953-ல் வட கரோலினாவில் காட்டில் பிடிபட்ட ஓர் அமெல் பாம்பிலிருந்துதான் கார்ன் பாம்பின் நிற வளர்ப்பு தொடங்குகிறது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதைப் பெருக்கி, அது ஒடுங்கு பண்பு என்று காட்டினார். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் அதன் காரணத்தைக் கண்டார்கள். ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் தாவும் மரபணுத் துண்டு ஒன்று புகுந்து அதை உடைத்திருக்கிறது. மனிதர்களுக்குப் பிறவியிலேயே நிறமி குறையும் அல்பினிசத்தின் வகைகளில் ஒன்றும் இதே மரபணு கெடுவதால் வருவதுதான்.

ஒடுங்கு பண்பு என்றால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் பாம்பு சாதாரணமாகவே தெரியும், குட்டிக்குக் கடத்தும். இதைத்தான் வளர்ப்பவர்கள் ‘ஹெட்’ என்கிறார்கள். அமெலையும் சாதாரணத்தையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் ஹெட். ஹெட் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அமெல். ஹெட்டையும் அமெலையும் சேர்த்தால் பாதிக்குப் பாதி.

இரண்டு ஒடுங்கு பண்பு ஒரே குட்டியில் வேண்டுமென்றால் 16-ல் ஒன்று. மூன்று என்றால் 64-ல் ஒன்று. 15 முட்டை கொண்ட ஓர் ஈட்டில் ஒரு ஸ்னோவாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 62%. மூன்று பண்பு சேர்ந்தது ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 21% தான். மூன்று ஈடு, 45 முட்டை பார்த்தாலும் சுமார் பாதிதான். ‘16-ல் ஒன்று’ என்றதும் 16 முட்டையில் ஒன்று நிச்சயம் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இனி கலப்பினத்துக்கான முக்கியமான விஷயம். ஒரே மாதிரி தெரியும் இரண்டு நிறங்கள் ஒரே மரபணுவால் வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. பந்துபோல் சுருண்டுகொள்ளும் பால் பைதானில் (ball python) அல்பினோ உண்டு, லாவெண்டர் அல்பினோவும் உண்டு. இரண்டுக்கும் கருப்பு கிடையாது. ஆனால் சேர்த்தால் பிறப்பவை எல்லாம் சாதாரண நிறம். ஒன்றில் கெட்டது மற்றொன்றில் நன்றாக இருக்கிறது, இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. அதனால் வேறு இனத்து அல்பினோவோடு அமெல் கார்னைச் சேர்க்கும் முன், அந்த இரண்டு வரிசைகளும் இணங்குமா என்று முன்பே சேர்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஈட்டிலேயே விடை தெரிந்துவிடும்தான். எல்லாம் வெளுத்துப் பிறந்தால் ஒரே மரபணு, எல்லாம் கருத்துப் பிறந்தால் வேறு. ஆனால் அந்த விடைக்கு விலை ஒரு வருடம்.

இன்னொன்று: 50% என்ற சொல் இந்த உலகத்தில் இரண்டு பொருளில் புழங்குகிறது. ‘50% ஹெட் அமெல்’ என்றால் இந்தக் குட்டி அமெலைச் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. ‘50% எமோரி’ என்றால் இதன் பரம்பரையில் பாதி எமோரி. முதலாவது வாய்ப்புக் கணக்கு, இரண்டாவது இரத்தக் கணக்கு. விற்பனைச் சீட்டில் இரண்டையும் குழப்புவது சர்வ சாதாரணம். ‘66% ஹெட்’ என்பதும் வாய்ப்பே. ஹெட் இரண்டைச் சேர்த்துப் பிறந்த சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும், எது என்று பார்வைக்குத் தெரியாது.

## வழி ஒன்று: கார்னோடு கார்ன்

கணக்கு மிகச் சுத்தமாக வேலை செய்வது இங்கேதான். அமெல், அனெரி, ஹைப்போ, காரமல், லாவெண்டர், டிஃப்யூஸ்டு என்று ஒடுங்கு வரிசைகளும், டெஸ்ஸரா போன்ற ஓங்கு வரிசையும் (ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது) கார்னுக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றின் சேர்க்கைகளை மட்டும் எடுத்தாலே ஓர் ஆயுள் போதாது. ஜோடிக்குள் ஆபத்து குறைவு, முட்டை நிறைய, பொரிப்பும் நன்றாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு சந்தை நெரிசல். சாதாரண அமெலும் அனெரியும் எல்லாரிடமும் இருக்கின்றன. தனித்துத் தெரிய மூன்று பண்புச் சேர்க்கைக்குப் போக வேண்டும், அதற்கு இரண்டு தலைமுறை, ஆறு வருடம்.

‘தூய கார்ன்’ என்ற சொல்லிலும் ஒரு முடிச்சு உண்டு. அல்ட்ரா என்ற நிறம் அமெல் இருக்கும் அதே மரபணுவின் மற்றொரு வடிவம். அது சாம்பல் ரேட் பாம்பிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. அல்ட்ராவும் அமெலும் ஆளுக்கு ஒரு பிரதி சேர்ந்தால் அல்ட்ராமெல், இரண்டுக்கும் நடுவில் மங்கிய தேன் நிறம். அல்ட்ராமெல் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்ட்ரா, இரண்டு அல்ட்ராமெல், ஒன்று அமெல். செதிலற்ற கார்னும் கார்ன்–எமோரி கலப்பு வரிசையில்தான் முதலில் தென்பட்டது. எனவே ‘நான் கலப்பினத்தைத் தொடமாட்டேன்’ என்று முடிவெடுத்தவர் அல்ட்ராமெலும் செதிலற்றதும் வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

முதல் ஈடு எடுப்பவர்களுக்கும், இடம் குறைவாக உள்ளவர்களுக்கும், விற்றுச் செலவையாவது எடுக்க நினைப்பவர்களுக்கும் இந்த வழி.

## வழி இரண்டு: கார்னோடு எமோரி

கலப்பினங்களில் மிக நெருங்கியது. எமோரியை ஒரு காலத்தில் கார்ன் பாம்பின் துணையினமாகவே வைத்திருந்தார்கள். முதல் தலைமுறைக்கு ‘ரூட்பீர்’ என்று பெயர். கார்னின் செம்மையும் எமோரியின் சாம்பல் பழுப்பும் கலந்து, பனங்கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்த நிறம். அமெல் கார்னை வைத்துத் தொடங்கினால் இந்த ரூட்பீர்கள் அனைத்தும் அமெல் ஹெட். அவற்றைத் தங்களுக்குள்ளோ அமெல் கார்னோடோ சேர்க்கும்போது வரும் அமெல் குட்டிக்கு ‘கிரீம்சிகிள்’ என்று பெயர். அமெல் கார்னின் பளீர்ச் சிவப்பு இதில் இருக்காது. மாம்பழச் சதை நிறமும் வெளிர் மஞ்சளும்தான்.

இரண்டாவது சேர்க்கையை எதனோடு செய்வது என்பதில்தான் உண்மையான தேர்வு. ரூட்பீரோடு ரூட்பீர் என்றால் நான்கில் ஒன்று அமெல், இரத்தம் சராசரியாக 50% எமோரி. ரூட்பீரோடு அமெல் கார்ன் என்றால் பாதி அமெல், இரத்தம் சராசரியாக 25% எமோரி. ‘சராசரியாக’ என்ற சொல் முக்கியம். முதல் தலைமுறையில் எல்லாக் குட்டியும் சரிபாதிதான். அடுத்த தலைமுறையில் மரபணுக்கள் சீட்டுக்கட்டுபோலக் கலைந்து போவதால் ஒரு குட்டிக்குக் கூடவும் ஒன்றுக்குக் குறைவாகவும் கிடைக்கும். ஒரே ஈட்டில் ஒன்று கார்ன் போலவும் மற்றொன்று எமோரி போலவும் இருப்பது அதனால்தான். தொடர்ந்து கார்னோடே சேர்த்துக்கொண்டு போனால் 12.5, 6.25, 3.1, 1.6 என்று குறையும். ஆனால் 1.6 சதவீதத்துக்கு வந்ததும் தூய கார்ன் ஆகிவிட்டது என்று சீட்டில் எழுதுவது பொய். தேர்ந்தெடுத்து இழுத்துவந்த மரபணுவின் அக்கம்பக்கம் மற்ற இனத்தின் துண்டு ஒட்டிக்கொண்டே வரும்.

எமோரியின் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. தாய் எமோரியானால் குட்டி பெரிதாகப் பிறந்து எலிக்குஞ்சை உடனே எடுக்கும். தாய் கார்னானால் குட்டிகள் அதிகம், சற்றுச் சிறியவை. சாப்பிட மறுக்கும் குட்டிகளோடு போராட மனமில்லாதவர்கள் எமோரியைத் தாயாக வைப்பது நல்லது.

மறைந்த ஆபத்து இதன் நெருக்கமே. கிரீம்சிகிளைப் பார்த்தால் மங்கலான அமெல் கார்ன் போலவே இருக்கும். இரண்டு கை மாறினால் அது ‘அமெல் கார்ன்’ ஆகிவிடும், பிறகு எங்கே கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கலப்பினத்தை முதல்முறை முயல்கிறவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம், பதிவேடு வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும்.

## வழி மூன்று: கார்னோடு கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்

‘ஜங்கிள் கார்ன்’ என்று பெயர். நான்கிலும் கண்ணைப் பறிப்பது இதுதான். கிங்ஸ்னேக்கின் வெள்ளைப் பட்டைகளும் கார்னின் திட்டுகளும் மோதி, சங்கிலியாகவும் உடைந்த கோடாகவும் ஒவ்வொரு குட்டியிலும் ஒவ்வொரு விதமாக விழும். அந்தக் கோலத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே சிலருக்குக் கவர்ச்சி. ஆனால் கணக்குப் போட்டு வளர்க்க விரும்புகிறவருக்கு அதே காரணத்தால் இது ஏமாற்றம். அமெல் போன்ற ஒற்றை மரபணு இங்கேயும் விதிப்படிதான் கடத்தப்படும். கோலத்தைத் தீர்மானிப்பவை பல மரபணுக்கள். இரண்டாம் தலைமுறையில் அவை சிதறிவிடும்.

ஆபத்து சேர்க்கையில் இருக்கிறது. கிங்ஸ்னேக் மற்ற பாம்புகளைத் தின்னும் பாம்பு. கார்ன் பாம்பு அதற்கு இரை. முறையாகச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர நீங்காது.

கிங்ஸ்னேக் எப்போதும் சிறியதாக இருக்க வேண்டும். ஆண் கிங், அதைவிட நீளமும் எடையும் கூடிய பெண் கார்ன். சேர்ப்பதற்கு முன் கிங்குக்கு வயிறு நிறைய உணவு கொடுத்து இரண்டு மூன்று நாள் செரிக்க விடுங்கள். பெண் கார்ன் குளிர் உறக்கத்துக்குப் பிந்தைய முதல் சட்டையை உரித்ததும், ஆணை முதலில் தன் இனப் பெண்ணோடு விடுங்கள். அது தாடையை அவள் முதுகில் உரசிக்கொண்டு வெட்டி வெட்டி ஊர ஆரம்பித்ததும் பெண்ணை மாற்றிக் கார்னை விடுங்கள். பெண் கிங் இல்லையென்றால் அது உரித்த சட்டையைக் கார்னின் உடலில் தேய்த்துவிடுவார்கள்.

பிறகு கண்ணை எடுக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், ஆண் கிங் தன் இனத்தோடு சேரும்போதும் பெண்ணின் கழுத்தைக் கவ்வும். கவ்வியதைப் பார்த்ததும் பிரித்தால் சேர்க்கையே நடக்காது, பிரிக்காமல் விட்டால் பெண் போய்விடலாம். பார்க்க வேண்டியது வாயை அல்ல, உடலை. சேர்க்கைக்காகக் கவ்வும் ஆணின் உடல் பெண்ணின் முதுகோடு நீளவாக்கில் படுத்திருக்கும், வால் அவள் வாலுக்கு அடியில் தேடும். இரைக்காகக் கவ்வியது சட்டென்று சுருள் போட்டு இறுக்கும். சுருள் விழுந்தால் ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியில் ஓரிரு சொட்டை ஆணின் வாயோரம் விட்டு, வால் பக்கத்திலிருந்து சுருளைப் பிரிக்க வேண்டும். தலையைப் பிடித்து இழுத்தால் பல் முறியும், பெண்ணின் தோல் கிழியும். சேர்க்கை முடிந்த நொடியே இரண்டையும் தனித்தனி அறைக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுக்கச் சேர்த்து வைப்பது என்ற பேச்சே இங்கே கிடையாது.

குட்டிகளும் கிங்கின் பசியோடு பிறக்கும். பொரிந்த அன்றே ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் போடுங்கள். கையில் எலி வாசனை இருந்தால் விரலைக் கவ்வும், விடாது. ஜங்கிள் கார்னை எந்தக் காலத்திலும் மற்றொரு பாம்போடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. வாங்குகிறவருக்கு இதை எழுதியே கொடுக்க வேண்டும், ஏனென்றால் பெயரில் ‘கார்ன்’ இருக்கிறது, அவர் கார்ன் என்றே நினைத்துக்கொள்வார்.

தப்பித்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவு சாட்சி. வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் அங்கே வேரூன்றி, அந்தத் தீவுக்கே உரிய பல்லிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே பிடிபடுபவற்றில் அல்பினோக்களும் உண்டு.

விற்பதற்காக இதைத் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பிறக்கும் அத்தனையையும் தாமே வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கும், கிங்ஸ்னேக் பழக்கம் ஏற்கெனவே நன்றாகக் கைவந்தவருக்கும் மட்டும்.

## வழி நான்கு: கார்னோடு புல் அல்லது கோஃபர் பாம்பு

‘டர்போ கார்ன்’. உடல் தடித்து, சீறல் பலத்து, கார்னைவிட வேகமாக வளரும். தின்றுவிடும் பயம் கிங் அளவுக்கு இல்லை. ஆனால் அளவு வேறுபாடு பெரிது. புல் பாம்பு ஒன்றரை மீட்டரைத் தாண்டும், கார்ன் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்குள். ஆண் கார்ன், பெண் புல் என்று வைப்பதே நடைமுறையில் எளிது. முட்டை குறைவு, குட்டி பெரிது.

மறைந்த செலவு பெட்டி. கார்னுக்கு வாங்கிய பெட்டியும் எலி அளவும் இதற்குப் போதாது. பயந்தால் சீறி, வாலை அடித்து, மூக்கால் மோதும் குணம் சில குட்டிகளில் வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் யோசிக்க வேண்டும். நிறத்தைவிட உடல்வாகும் கம்பீரமும் பிடித்தவர்களுக்கு இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | கார்ன் | எமோரி | கிங்ஸ்னேக் | புல்/கோஃபர் |
|---|---|---|---|---|
| உறவு | ஒரே இனம் | ஒரே பேரினம் | வேறு பேரினம் | வேறு பேரினம் |
| நிறக் கணக்கு | துல்லியம் | ஒற்றை மரபணு துல்லியம், சாயல் மாறும் | கோலம் கணிக்க முடியாது | சாயல் மாறும் |
| சேர்க்கை ஆபத்து | குறைவு | குறைவு | மிக அதிகம் | அளவு வேறுபாடு |
| பெட்டி, உணவு | சிறியது | கார்ன் போலவே | தனித்தனி கட்டாயம் | பெரியது |
| மிஞ்சும் குட்டி | விற்கலாம், விலை குறைவு | விற்கலாம், சீட்டு அவசியம் | வைத்துக்கொள்ளத் தயாராக வேண்டும் | வாங்குவோர் குறைவு |

## மலட்டுத்தன்மை பற்றி

கலப்பினக் குட்டிகள் எல்லாம் மலடு என்பதும் தவறு, எல்லாம் முட்டையிடும் என்பதும் தவறு. பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1922-ல் சொன்ன விதி இங்கே உதவும். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் ஜோடியில் இரண்டும் வேறுபட்டிருக்கும் பாலினமே கலப்பில் முதலில் அடிபடும் என்பது அந்த விதி. (பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர்.) கார்ன், கிங், புல் ஆகியவற்றில் பெண்ணுக்குத்தான் வேறுபட்ட ஜோடி. எனவே அடுத்த தலைமுறைக்கு ஒரே ஒரு கலப்புக் குட்டியை மட்டும் வைத்துக்கொள்வதானால், ஆணை வைத்துக்கொண்டு அதைத் தூய பெண் கார்னோடு சேர்ப்பதே பத்திரம். முட்டையும் நிறையக் கிடைக்கும்.

பைதான் பக்கம் போகிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தபோது அங்கே ஆணுக்குத்தான் வேறுபட்ட ஜோடி என்று தெரியவந்தது. பால் பைதானின் பனானா நிறம், தந்தை அதை யாரிடமிருந்து பெற்றது என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் ஆண் குட்டிகளிலோ பெரும்பாலும் பெண் குட்டிகளிலோ வருவதும் இதனால்தான். கார்பெட் பைதானையும் பச்சை மரப் பைதானையும் சேர்த்த ‘கார்போண்ட்ரோ’ அழகுதான். ஆனால் பைதான் முட்டை குறைவு, காத்திருப்பு அதிகம். கார்னில் ஓரிரு ஈடு எடுத்துப் பழகாமல் அங்கே போக வேண்டாம்.

## எந்த வழியானாலும் மாறாதவை

பெண் பாம்புக்கு மூன்று வயது, 90 செ.மீ. நீளம், 300 கிராம் எடை. மூன்றும் நிறைந்திருக்க வேண்டும். இதற்கு முன் சேர்த்தால் முட்டை வயிற்றிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து பெருகும். குளிர் உறக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே உணவை நிறுத்துங்கள். செரிக்காத இரை குளிரில் வயிற்றுக்குள் அழுகும். பிறகு 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் 8 முதல் 12 வாரம், தண்ணீர் மட்டும். மெல்லச் சூடேற்றி, இரண்டு மூன்று முறை உணவு கொடுத்து, முதல் சட்டை உரித்ததும் சேர்க்கலாம்.

கலப்பு ஈடு எடுக்கும் பெண்ணை அந்தப் பருவத்திலும் அதற்கு முந்தைய பருவத்திலும் வேறு ஆணோடு விட்டிருக்கக் கூடாது. பாம்புகள் விந்தைச் சேமித்து வைக்கும். போன வருடத்து ஆணின் குட்டிகள் இந்த வருட ஈட்டில் கலந்து வந்தால் கணக்கு அத்தனையும் பாழ். அந்த ஒரு வருடக் காத்திருப்பும் கலப்பினத்தின் செலவில் சேர்த்தி.

முட்டையிடும் முன் ஒரு சட்டை உரிக்கும். அதிலிருந்து 7 முதல் 14 நாளில் முட்டை வரும். வெர்மிகுலைட்டும் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை கலந்து, கையால் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியாத பதத்தில், மூடியில் சின்னத் துளையிட்ட டப்பாவில் பாதி புதையும்படி முட்டைகளை வையுங்கள். இட்ட நிலையிலேயே எடுத்து வைக்க வேண்டும், புரட்டக் கூடாது. ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிய்க்க வேண்டாம். 27 முதல் 28 டிகிரியில் 55 முதல் 65 நாள். 32 டிகிரியைத் தாண்டினால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வரும். அதைக் கலப்பினத்தின் குறை என்று தவறாக எழுதிவைப்பவர்கள் பலர். வெப்பநிலைப் பதிவு இருந்தால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். ஒரு வாரம் கழித்து இருட்டில் சிறு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளாகக் கல்போல் இருப்பது வெற்று முட்டை.

குட்டி முட்டைத் தோலைக் கீறி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள் அப்படியே இருக்கும். உள்ளே மீதி மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இழுக்கக் கூடாது. முதல் சட்டை 7 முதல் 10 நாளில். அதன் பிறகே முதல் பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சு. 15 குட்டி, வாரம் ஒன்று, 12 வாரம் வைத்திருந்தால் 180 பிங்கி, 15 தனிப் பெட்டி. இந்தக் கணக்கைச் சேர்க்கைக்கு முன்னால் போட வேண்டும், பொரிந்த பிறகல்ல.

## சீட்டில் என்ன எழுதுவது

கலப்புக் குட்டி ஒன்றைக் கைமாற்றும்போது இவை இல்லாமல் கொடுக்காதீர்கள்: பொரிந்த தேதி, தாயின் இனமும் நிறமும், தந்தையின் இனமும் நிறமும், எத்தனையாவது தலைமுறை, இரத்தக் கணக்கு (‘சராசரி 25% எமோரி’ என்று ‘சராசரி’ சேர்த்து), ஹெட் வாய்ப்பு தனி வரியில், கடைசியாகத் தின்ற தேதியும் இரையும். ஜங்கிள் கார்னானால் ‘மற்ற பாம்புகளோடு வைக்கக் கூடாது’ என்பது முதல் வரியில், பெரிய எழுத்தில்.

‘66% ஹெட்’ என்று வாங்கியது உண்மையில் ஹெட்டா என்று பார்க்க இரண்டு வழி. உரித்த சட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். கார்னில் சில நிறங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. இல்லையென்றால் ஓர் அமெலோடு சேருங்கள். ஒரே ஓர் அமெல் குட்டி பிறந்தாலும் அது ஹெட். ஏழு குட்டி பிறந்து ஏழும் சாதாரணமாக இருந்தால், ஹெட் ஒன்றுக்கு அப்படி நேர வாய்ப்பு 128-ல் ஒன்றுதான். சீட்டில் ‘ஹெட்’ என்ற சொல்லை அடித்துவிடலாம்.